பூட்டு மாஸ்டரும் குசினிக் கதவும்

மலாக்கா மாநிலத்திலேயே ஒரு ஃபாதரைப் பூட்டி வைத்துப் பாட்டுக் கேட்க வைத்தவர் ஒருவர்தான். எங்கள் பூட்டு மாஸ்டர். பாட்டுப் பயிற்சியைச் சும்மா எட்டிப் பார்க்க வந்த ஃபாதர், "அஞ்சு மணிக்கு ஒரு அடக்கம் இருக்கு மாஸ்டர், கதவத் தொறங்க" என்று கெஞ்சினார்.

"செத்தவரு எங்க ஓடிறப் போறாரு ஃபாதர்? இந்த ஆம்பளைங்கதான் ஓடிருவாங்க லா!"

ஃபாதர் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுபவர். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தேவாலயப் பாடற்குழுவுக்குப் பயிற்சி கொடுப்பார். ஒருநாள் டீ குடிக்கப் போன பதினெட்டுப் பேரில் ஏழு பேர்தான் திரும்பினோம். மற்றவர்கள் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கோழி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே மண்டபக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு வந்தது. சாவி அவர் கழுத்துச் சிலுவையோடு தொங்கியது.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் செய்யும் குசினி. அதன் வெளிக்கதவு தாழிடாமல் கிடப்பது எனக்கு மட்டும் தெரியும். நான் பின்வரிசை ஆள், போதாததற்குச் சர்க்கரை வியாதிக்காரன். முன்வரிசையில் பாடும் என் மனைவியோ, நான் சீனி போட்ட தே தாரிக் டீயை விட்டு வருஷமாகிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்து வந்தாள். மாஸ்டர் கண்ணை மூடி ஆர்கனில் லயித்ததும் குசினி வழியாக நழுவுவேன். எதிர்க்கடையில் ஒரு தே தாரிக்கை முடித்துவிட்டுக் கடைசிப் பாட்டுக்கு வந்து நிற்பேன். வெட்கக்கேடு, முழு வருகைக்கான பரிசு வாங்கியவனும் நானே.

ஒரு சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். அவர் மனைவிக்கு ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் வேலை முடியும் நேரம். "ஏத்திட்டு வரணும் மாஸ்டர், தொறங்க."

"இந்த ஒரு வரி மட்டும் தம்பி."

அந்த ஒரு வரி முக்கால் மணி நேரம் நீண்டது. அந்தப் பெண் மழையில் நனைந்தாள், காய்ச்சலில் விழுந்தாள். கொதித்துப்போன மனிதர் திங்கட்கிழமை போலீசில் ரிப்போர்ட் செய்துவிட்டார். ஆளைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக மாஸ்டர் மேல் கேஸ் வந்தது. குற்றம் உறுதியானால் ஜெயில்கூடக் கிடைக்கலாம். அவரை நம்பி யார் இனி பிள்ளையை வேனில் ஏற்றுவார்கள்?

அவருக்காக வந்த வக்கீல் பெண் எங்கள் எல்லாரையும் மண்டபத்தில் கூட்டினாள். "முன்கதவப் பூட்டுனா மட்டும் அடைச்சு வெச்சதா ஆயிடாது அங்கிள். வெளிய போக வேற வழி இருந்துச்சா, அதான் கேள்வி. அன்னைக்கு யாராச்சும் வேற பக்கமா வெளிய போனீங்களா? ஒரே ஒரு சாட்சி போதும்லா, நான் பேசிக்கிறேன்."

அன்றைக்கும் நான் எதிர்க்கடையில்தான் இருந்தேன். ஆனால் இப்போது பக்கத்தில் மனைவி; சொன்னால் தே தாரிக் குட்டு உடைந்துவிடும். எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மாஸ்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "என் ஆளுங்க யாரும் நடுவுல போக மாட்டாங்கம்மா" என்றார்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். ஜெயில் இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் வேன் காலியானது. அதை விற்றுவிட்டு சுங்கை ரம்பாயில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, போன மாதம்தான் போனேன். உட்காருவதற்கு முன்பே கொட்டிவிட்டேன். "அன்னைக்கு நான் குசினி வழியா வெளிய போனேன் மாஸ்டர்."

"தெரியும். சனிக்கெழம சனிக்கெழம அந்தத் தாழ்ப்பாள எடுத்து விடுறதே நான்தானே. நீ பசி தாங்க மாட்ட."

"அப்ப வக்கீல்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"நான் சொன்னா யாரு நம்புவா? போனவன்தானே வந்து சொல்லணும்." எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீயே சொல்லுவேன்னு பாத்தேன் தம்பி. கோர்ட்டு வாசல்லகூட பாத்தேன்."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ சாப்பாடு போட்டார், கார்வரை வந்தார். "மழ வருது, மெதுவா ஓட்டு. போய்ச் சேந்ததும் கால் பண்ணு" என்றார். என் அப்பா போன பிறகு அப்படிச் சொல்லி என்னை வழியனுப்ப வேறு யாரும் இல்லை.