மூன்றாம் பக்கத்துக்கு இரண்டு விடை

லிட்கம், சிட்னி

ஸ்பிரிங்வேலில் குடும்பத்தோடு சுகமாயிருக்கும் மச்சான் கபிலனுக்கு அத்தான் யோகேஸ்வரன் அன்புடன் எழுதுவது. இங்கு நான், உன் அக்கா யோகராணி, மகள் மிருணாளினி மூவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அதில் இருவர் பேசிக்கொள்வதில்லை.

வருகிற ஞாயிறு மிருணாளினியின் மாப்பிள்ளை வீட்டார் முதன்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பின்வளவில் வெயில் மறைக்க மூன்று கம்பம் நட்டு முக்கோணத் துணி கட்ட நினைத்தோம். கடைக்காரப் பெண் மூன்று பக்க நீளமும் கேட்டாள். ஒரு பக்கம் ஆறு மீற்றர், அடுத்தது மூன்று மீற்றர் இருபது. மூன்றாவதன் குறுக்கே தோட்டக் கொட்டில் நிற்கிறது. அதற்கு மேலால் பார்த்து, முதல் கம்பத்தில் கோணம் முப்பது பாகை என்று மிருணாளினியின் பழைய பாகைமானியால் எடுத்தேன். உன் அக்கா, "கொட்டிலுக்கு ரண்டு பக்கமும் கதவு இருக்கு, திறந்துபோட்டு நாடாவாலை அளவுங்கோவன்" என்றாள். நான் முப்பது வருஷம் திரிகோணகணிதம் படிப்பித்தவன். தரவு போதுமாயிருக்கும்போது விடையைப் போய் அளப்பது பார்த்தெழுதுவதற்குச் சமம் என்று உன் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். சைன் விதியைப் போட்டேன், ஆறு மீற்றர் முப்பத்தொன்று என்று வந்தது, நாலு மீற்றர் எட்டு என்றும் வந்தது, கணக்கின்படி இரண்டும் சரி, ஒன்றை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான் என்பதால் இரண்டு துணிக்கும் ஓடர் கொடுத்தேன். பெரியது தொட்டில் மாதிரித் தொங்குகிறது, மழைத்தண்ணீரில் ஒரு மக்பைக் குருவி குளித்துவிட்டுப் போகிறது. சிறியது கம்பத்துக்கு எட்டவில்லை. கம்பங்கள் சரிந்துவிட்டன என்றேன். "ஓம், கம்பந்தான் பிழை, நீங்கள் எப்பவும் சரி" என்றாள் உன் அக்கா. அதன்பிறகு என்னோடு கதையில்லை. மிருணாளினி, "அப்பா, ப்ளீஸ், நோ மோர் மாத்ஸ்" என்று அழுகிறாள். மாப்பிள்ளையின் தகப்பனை வெயிலில் இருத்தி, பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாயிருக்கிறது.

நீ என்னிடம் படித்த இஞ்சினியர். அக்காவுக்குப் போன் பண்ணி, அத்தானின் முறை சரி என்று ஒரு வார்த்தை சொல்லு. மயூராவுக்கும் சின்னதுகளுக்கும் எங்கள் அன்பு. எல்லோருக்கும் முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
அத்தான் யோகேஸ்வரன்

பி.கு.: போன் பண்ண வேண்டாம். இதைத் தபாலில் போட முன்னர் ஞாயிறு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் சிறிதரனும் கணித ஆசிரியராம். சாப்பிடக்கூட உள்ளே வராமல், உச்சி வெயிலில் என்னோடு நின்று கோணத்தைத் திரும்ப எடுத்தார். இன்னும் இரண்டு விடைகள் வந்திருக்கின்றன. கலியாணம் தையில். நாடாவோடு வந்த உன் அக்காவை, "தங்கச்சி, இப்ப அளந்தால் கணக்குப் பழுதாப்போம்" என்று அவர்தான் மறித்தார்.