இன்ஜினியர் முதுகும் மூன்று சீலும்

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அதை இருபத்தேழு வயது வரைக்கும் ஒருத்தனும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொண்டேன். படித்தவனால் முடியுமா இது? யாராவது காகிதத்தை நீட்டினால், கண்ணாடியை ரூமில் வைத்துவிட்டு வந்துட்டேன் என்பேன். (அப்போது எனக்குக் கண்ணாடியே கிடையாது.)

எழுபதுகளின் நடுவில், வளைகுடாவில் புஜைரா என்ற ஊரில் மலையை உடைத்து ரோடு போடும் கம்பெனியில் இருந்தேன். இன்ஜினியர் சார் திருச்சிக்காரர். வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. மேடத்தோடு சைட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். பழைய ஃபோர்மேன் ஊருக்குப் போய்விட்டதால் அடுத்தது யார் என்று சார்தான் முடிவு பண்ணவேண்டும். நான்தான் என்று கேம்ப் முழுக்க நானே சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து சார் கேஸ் சிலிண்டரைத் தூக்கி முதுகைப் பிடிக்க வைத்துக்கொண்டார். நிமிர முடியவில்லை. மூன்று நாளாகத் தரையைப் பார்த்தே பேசினார். ஆஸ்பத்திரி டாக்டர், நன்றாக மசாஜ் பண்ணினால் சரியாகும், ஆனால் கண்டவன் கையில் கொடுத்து நரம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், லைசென்ஸ் உள்ள ஆளாகப் பாருங்கள் என்றிருக்கிறார். எனக்கு ஆள் தெரியும் சார் என்று முந்திக்கொண்டு சொன்னேன். (ஒருத்தனையும் தெரியாது.)

"கூட்டிண்டு வா மாணிக்கம். ஆனா லைசென்ஸை நீயே வாசிச்சுப் பாத்துடு. பேரு, நம்பர், எதுக்குக் கொடுத்ததுன்னு எல்லாத்தையும் எழுதிண்டு வா."

ஃபோர்மேன் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சூக்குக்கு, அதாவது கடைத்தெருவுக்குப் போனேன். டீக்கடையில் விசாரித்தால் எல்லாரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். கான் பாய். லாரி டிரைவர் ஒருத்தனுக்கு இறங்கின தோளை ஒரு நிமிஷத்தில் ஏற்றிவிட்டவராம். அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அளவு. லைசென்ஸ் இருக்கா பாய் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். நடுவில் அவர் போட்டோ. மூன்று சீல். வளைகுடாவில் ஒரு சீல் இருந்தாலே சலாம் போடுவார்கள், இதில் மூன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். அழியவில்லை. அச்சா என்றேன்.

அடுத்தது எழுதவேண்டும். சிமென்ட் பைக் காகிதத்தில், கார்பென்டர் பென்சிலால், அப்படியே பார்த்து இழுத்தேன். எது ஏ, எது பி என்று தெரியாது, ஆனால் வளைவு தெரியும், கோடு தெரியும். அரபியையும் விடவில்லை. சீல்களையும் போட்டேன். போட்டோவில் இருந்த மீசையையும் போட்டேன். அதற்குள் கான் பாய் மூன்று டீ குடித்துவிட்டார்.

வீட்டில் சார் தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்தார். கான் பாய் வேலையை ஆரம்பித்தார். நான் காகிதத்தைப் பெருமையாக மேடத்திடம் நீட்டினேன். எழுத்து முத்து முத்தாக இருக்கு என்று பாராட்டினார். அப்புறம் முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார்.

"ஏன்னா."

"ம்."

"இதுல ஆடு மாடு அறுக்கறதுக்குன்னு போட்டிருக்கு."

"எதுல?"

"இவரோட லைசென்ஸ்ல."

அந்த நேரத்தில் கான் பாயின் முழங்கை சரியாக சாரின் முதுகெலும்பு மேல் இருந்தது. சார் அசையவில்லை. தரையில் புதைந்த முகத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாணிக்கம், நீ வாசிச்சியா?"

"வாசிச்சேன் சார்."

"என்னன்னு வாசிச்சே?"

கண்ணாடியை ரூமில் வைத்துவிட்டு வந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேராகப் பொய் வரவில்லை.

"வரைஞ்சேன் சார்."

என்ன விஷயம் என்று கான் பாய் கேட்டார். சொன்னேன். அவருக்கு வருத்தம். லைசென்ஸ் இருக்கா என்று கேட்டாய், என்னிடம் இருக்கிற லைசென்ஸைக் காட்டினேன், இதில் என் தப்பு என்ன என்றார். நியாயம்தான். இருபது வருஷமாக எலும்போடு பழகுகிறேன், சாரை அசையாமல் இருக்கச் சொல் என்றார். மளுக்கென்று ஒரு சத்தம். சார் போட்ட அலறலில் கேம்ப் நாய் குரைத்தது. மேடம் முருகனைக் கூப்பிட்டார்.

சார் எழுந்தார். நிமிர்ந்தே நின்றார். கான் பாய் கையைப் பிடித்து ரெண்டு தரம் குலுக்கினார். அப்புறம் போய் ரெண்டு தரம் குளித்தார். மேடம் கான் பாய்க்கு டம்ளர் நிறைய டிகாஷன் காபி கொடுத்தார்.

ஃபோர்மேன் வேலை ஒரு மலையாளிக்குப் போனது. ஆனால் சார் அந்த சிமென்ட் காகிதத்தைத் தூக்கிப் போடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, சைட் போர்டையெல்லாம் நீயே எழுது, ஆனா நான் வாசிச்சுப் பார்க்காம மாட்டாதே என்றார். அப்படித்தான் நான் போர்டு எழுதுகிறவன் ஆனேன். வெளி ஆளுக்கு எழுதிய முதல் போர்டு கான் பாயின் கறிக்கடைக்கு. இன்றைக்கு புஜைராவிலும், ஓமானில் சோஹாரிலும் எனக்கு போர்டு கடை இருக்கிறது. அந்தக் காலத்தில் சூக்கில் பாதிக் கடைக்கு நான் எழுதியதுதான் பெயர். ஒன்றையும் நான் வாசித்ததில்லை.

என் சம்சாரம் அங்கே வந்து இறங்கிய அன்றைக்கே மேடம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் ஒரே கேள்விதான். மகளுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளையின் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி, தூக்கிப் பார்த்து, எல்லாம் சரியா இருக்கு என்று தலையாட்டினேன். சம்பந்தி முன்னாலேயே சம்சாரம் கேட்டாள்:

"வாசிச்சீங்களா, வரைஞ்சீங்களா?"

இப்போது சம்பந்தி வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.