ரோசம்மா அப்பா வந்திருக்காங்க

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். ஞானஸ்நானம் வாங்கிச் சாமி, பூதம் எல்லாவற்றையும் விட்டோம். இதை மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் ஞானமுத்து. (எழுதிவிடுவேன். வாய்தான் திறக்காது.)

ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் இருவரையும் சபையார் மூன்று மாத ஊழியத்துக்கு மலாயா அனுப்பினார்கள். சிகாமட்டில் ரயில்வே குமாஸ்தா லாசர் வீட்டில் தங்கினோம். விடிந்தால் ரப்பர் தோட்டம், பொழுது சாய்ந்தால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஜெபம். என் வீட்டுக்காரர் பிரசங்கம் செய்வார். நான் பாட்டுப் பாடிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

இவருக்கு இன்னொரு தேட்டமும் இருந்தது. தம்பி தேவசகாயம், இவருக்கும் மூத்த பெரியண்ணன் அடித்த அடி தாங்காமல், எங்கள் மகள் ரோசம்மா பிறக்கும் முன்பே கப்பலேறிவிட்டவன். லாபிஸ் பக்கம் ஏதோ தோட்டத்தில் இருக்கிறான் என்று கேள்வி. போகிற இடமெல்லாம் விசாரித்தார். ஆள் அகப்படவில்லை.

ஊர் திரும்பும் வாரம் ஒரு வழி பிறந்தது. ஜொகூர் பாருவில் ஒரு வெள்ளைக்காரர் தம் பங்களாவில் ரேடியோ ஒலிபரப்பும் யந்திரம் வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் தமிழில் கால்மணி நேரம் சுவிசேஷம் சொல்ல அனுமதித்தார். லாபிஸ் சாப்பாட்டுக்கடை ராவுத்தரிடம் ரேடியோ உண்டு, தோட்டத்து ஆட்கள் கூடிக் கேட்பார்கள் என்றார் லாசர். கடைசியில் தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

பார்த்தால், அன்றைக்கு இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது, சத்தமில்லை.

"அலமாக்! அக்கா, நீங்கதான் பேசணும்லா," என்றார் லாசர்.

நான் ஐந்தாம் வகுப்பு. அந்நிய ஆண்கள் முன்னால் தண்ணீர் கேட்கவே கூசுகிறவள். ஆனாலும் அந்த இரும்புக் குமிழின் முன் நின்று, முக்காட்டை இழுத்துவிட்டு, பாட்டு, ஜெபம், வசனம் எல்லாம் சரியாகவே சொல்லிவிட்டேன். (எனக்கே ஆச்சரியம்.) பிறகு தம்பிக்கான சேதி.

"லாபிஸ் பக்கத்துல இருக்கற தேவசகாயத்துக்கு... உன் அண்ணன்..."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே இவர் கையை ஆட்டுகிறார், நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். "பேரைச் சொல்லுட்டி!" என்று காற்றாய்க் கத்துகிறார். சொன்னால் இவர் ஆயுசு போய்விடுமே என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"உன் அண்ணன்... ரோசம்மா அப்பா வந்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை சிகாமட் டேசன்ல நிப்பாங்க. வந்துருய்யா."

வெள்ளைக்காரர் பொத்தானை அமுக்கினார். இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

செவ்வாய் முழுக்க சிகாமட் ஸ்டேஷனில் நின்றோம். ஒவ்வொரு வண்டிக்கும் இவர் எழுந்து, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. தொண்டை சரியான பிறகும் திட்டவில்லை.

சண்டை முடிந்து தேவசகாயம் தானே ஊர் வந்து சேர்ந்தான். அதற்கு முந்தின வருஷம்தான் இவர் காய்ச்சலில் போயிருந்தார். (பெயரைச் சொல்லாமல் நான் காப்பாற்றிய ஆயுசு அவ்வளவுதான்.)

"ரேடியோவுல கேட்டேன் மதினி," என்றான். "ரோசம்மா யாருன்னு எனக்கு என்ன தெரியும்? பெரியண்ணன்தான் தேடி வந்துட்டான்னு அன்னிக்கே துணியச் சுருட்டிக்கிட்டுப் பகாங் பக்கம் ஓடிட்டேன்."

"பேரைச் சொல்ல வாய் வரலைய்யா," என்று அழுதேன்.

"பேரு எதுக்கு மதினி? 'சின்னண்ணன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரயிலுக்கு முன்னால ஓடி வந்திருப்பேனே!"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது "அண்ணன் வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டால் போதும். "எந்த அண்ணன்? சீக்கிரம் சொல்லுங்க, சித்தப்பா ஓடிறப் போறாரு!" என்று பிள்ளைகள் கூத்தடிப்பார்கள். தேவசகாயமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி நடிப்பான்.

நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கின பிறகு, சின்னண்ணன், சின்னண்ணன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எவ்வளவு லேசாக வருகிறது.