இல்லாத தீயும் இரண்டு வாளி மணலும்

பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டில் எதையும் புதிதாக முயன்று பார்க்கக் கூடாது. இது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் வேறு கடையில் காபிப்பொடி வாங்க மாட்டார்கள், பழகாத பக்குவத்தில் கேசரி கிளற மாட்டார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவதாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல்கூட விளக்காமல் உட்கார்ந்து, நான் என் கம்ப்யூட்டரில் கெர்னலை மாற்றினேன்.

கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் உள்ளே இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மையமான மென்பொருள். (நாங்கள் இருந்தது ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அங்கே கெர்னல் என்று சொன்னால் எல்லோர் காதிலும் கர்னல் என்றுதான் விழும். "யாருடி அந்தக் கர்னல்? மாசத்துக்கு ரெண்டு தடவ மாத்துறாங்க, பாவம்" என்று அம்மா அடிக்கடி வருத்தப்படுவாள்.)

தொண்ணூறுகளின் கடைசி அது. அம்பத்தூரில் ஒரு கோச்சிங் சென்டரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் என்ற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இலவசமாகக் கிடைக்கிறது, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து அதை எழுதுகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதில் இரண்டு வகை. பதிப்பு எண் இரட்டைப்படையில் முடிந்தால் நம்பிப் பயன்படுத்தலாம். ஒற்றைப்படையில் முடிந்தால் அது இன்னும் வேகாதது. தைரியமுள்ளவர்கள் போட்டுப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்பலாம். நம் ஊரில் மொய் எழுதினாலும் நூற்றியொன்று, தட்டு வைத்தாலும் ஒன்பது என்று ஒற்றைப்படைதானே மங்களம்? அந்தச் சம்பிரதாயத்தைக் காப்பாற்றுகிறவள் போல நான் ஒற்றைப்படையை மட்டுமே போட்டேன்.

தைரியமுள்ளவர்கள் என்று பொதுவாகச் சொன்னதை, கடல் கடந்து யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டேன். "ரேணுகா, நீ பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் வெளியிடுவோம்" என்று. சென்டரில் இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, துண்டு துண்டாக ஃபிளாப்பிகளில் ஏற்றி, எலெக்ட்ரிக் டிரெயினில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். கூட்டத்தில் யாராவது இடித்தால், கைக்குழந்தைக்காரி மாதிரி முறைப்பேன். இத்தனைக்கும் அதுவரை நான் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே கோளாறு, ஒரு உதவிக் குறிப்பில் இருந்த எழுத்துப்பிழை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெர்னல் தயாராவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அம்மா மூன்று முறை வந்து, அவள் கையால் பூ போட்ட துணியைக் கம்ப்யூட்டர் மேல் போர்த்தினாள். நான் மூன்று முறை எடுத்தேன்.

"வர்றவங்க உன்னப் பாக்க வர்றாங்களா, இதப் பாக்க வர்றாங்களா?"

"ரெண்டையும்தான் பாக்கட்டுமே" என்றேன். (வாய்.)

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை பாஸ்கர், மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். கூச்சத்தில் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா. அப்புறம் அவருடைய அப்பா முனிரத்தினம். திருநின்றவூரில் சொந்த வீடு. என் அப்பா ஃபிட்டராக இருந்த அதே தொழிற்சாலையில் அவர் தீயணைப்புப் பிரிவில் லீடிங் ஃபயர்மேன். தீ விபத்து ஒத்திகை நடத்தி, விசில் ஊதி, பட்டறை பட்டறையாக ஆட்களை வெளியே ஓடவைக்கிறவர். என் அப்பா அவர் விசிலுக்குப் பல வருஷம் ஓடிப் பழகியவர். இந்தப் பழக்கம் பின்னால் வரப்போகிற சம்பவத்தில் ரொம்ப உதவியது.

கேசரி முடிந்தது. பஜ்ஜி முதல் ஈடு முடிந்தது. முனிரத்தினம் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணு இத்த வெச்சிகினு இன்னா பண்ணுது?"

அப்பாவுக்கு மார்பு விரிந்தது. "இதுல ஓடுறது இன்னும் வெளியவே வராத சாஃப்ட்வேருங்க. நம்ம ரேணுதான் டெஸ்ட் பண்ணி அனுப்புது. ஏம்மா, சாருக்குப் போட்டுக் காட்டு."

மாப்பிள்ளையின் அம்மா, "டைப் அடிச்சா பேப்பர்ல வருமே, அது வருமா?" என்று கேட்டார்.

அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தது. அதில் போட்டிருந்தால் ஒழுங்காக வந்திருக்கும். மாப்பிள்ளையின் பெயரைச் சாய்வெழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் காலையில்தான் புதுக் கெர்னல் போட்டிருக்கிறேன். "ஓ, வருமே" என்று பட்டுப்புடவையோடு போய் உட்கார்ந்தேன். லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. நாம் கொடுக்கிற சொல்லை நட்சத்திரக் குறிகளால் பெரிய பெரிய எழுத்தாக, நீளமாக அச்சடிக்கும். 'வெல்கம்' என்று ஆங்கிலத்தில் கொடுத்தேன். சென்டரில் கழித்துப் போட்டதை வாங்கிவந்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அது. கிர்ர்ர், கிர்ர்ர் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி அடிக்க ஆரம்பித்தது. அம்மாவும் கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். முதல் எழுத்து வந்தது. மாப்பிள்ளையின் அம்மா "அட!" என்றார். பிரின்டர் நின்றது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: எல்பி ஜீரோ ஆன் ஃபயர்.

இதை விளக்கியாக வேண்டும். எல்பி ஜீரோ என்பது பிரின்டருக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெயர். கேபிள் ஆடினாலோ வேறு ஏதாவது ஆனாலோ, பிரின்டர் சில சமயம் புரியாத ஒரு பதிலைச் சொல்லும். அப்போது என்ன காட்டுவது என்று தெரியாமல், யாரோ ஒரு புரோகிராமர் விளையாட்டாக 'பிரின்டர் எரிகிறது' என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வரியைப் பற்றி நான் படித்திருந்தேன், பார்த்ததில்லை. மிருகக்காட்சிசாலையில் புலி கூண்டைவிட்டு வெளியே வந்து நிற்பதைப் பார்த்த குழந்தை மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஐ! வந்துடுச்சு!" என்று கை தட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விருந்தாளிகளுக்குப் புரிய வேண்டுமே என்று திரும்பி, பல் தெரியச் சிரித்து, தமிழிலும் சொன்னேன்: "பிரின்டர் நெருப்புப் பிடிச்சிருக்குன்னு சொல்லுது சார்!"

முனிரத்தினத்துக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் 'ஃபயர்' என்ற ஒரு சொல்லை அவர் எந்த மொழியிலும், எந்த இருட்டிலும் படித்துவிடுவார். திரையைப் பார்த்தார். மூக்கைத் தூக்கி ஒரு முறை மோந்தார். கருகல் வாசனை உண்மையாகவே வந்துகொண்டிருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவர் விருந்தாளி இல்லை.

"யாரும் ஓடாத! வரிசையா வெளிய போ! மெயின் எங்க கீது?"

அப்பாவின் விரல் தானாகக் கதவுப் பக்கம் நீண்டது. முனிரத்தினம் ஒரே தாவலில் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். ஃபேன் நின்றது. என் கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சோடு அணைந்தது.

"பாஸ்கரு, சிலிண்டர்! சார், மணலு!"

மாப்பிள்ளை அடுக்களைக்குள் ஓடினார். அப்பா வெளியே ஓடினார். பக்கத்து வீட்டில் துவைக்கிற கல் கட்டுவதற்காக மணல் கொட்டிவைத்திருந்தார்கள்.

நான் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே போனேன். "சார், நெருப்பு இல்ல சார்! அது ஜோக்கு சார்!"

அவர் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "நெருப்புல இன்னாமா ஜோக்கு?"

அப்பா இரண்டு வாளி மணலோடு வந்தார். ஒத்திகையில்கூட அவர் அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டார். ஒரு வாளி பிரின்டர் தலையில். இன்னொரு வாளி மானிட்டருக்கும் சிபியுவுக்கும் கீபோர்டுக்கும் பொதுவாக. என்னைப் பெற்று வளர்த்து, அந்தக் கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொடுத்த அதே மனிதர், "இன்னொரு வாளி எடுத்தாரவா சார்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர். முனிரத்தினம் எங்களை வெளியேற்றியதில் நான் தெருவில் நின்ற கோலம் அது. எதிர்வீட்டு அக்கா, "பொண்ணு பாத்தாச்சா ரேணு?" என்று அக்கறையாக விசாரித்தார். அம்மா மட்டும் திடீரென்று தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, பஜ்ஜி!"

பிரின்டரைப் பார்க்க வந்த அவசரத்தில் இரண்டாம் ஈட்டை எண்ணெயிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே போய்ப் பார்த்தால், வாணலியில் வாழைக்காய் கரிக்கட்டையாகக் கிடந்தது. எண்ணெய் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. பாஸ்கர் சிலிண்டரை மூடி எடுத்ததால்தான் அதோடு நின்றது. முனிரத்தினம் வாணலியைப் பார்த்தார். பிறகு ஹாலுக்கு வந்து மணலைத் தள்ளி, பிரின்டர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சில்லுனு கீது" என்றார், மெதுவாக.

நான் விஷயத்தை விளக்கினேன். எல்பி ஜீரோ, கேபிள், விளையாட்டாக எழுதிய வரி எல்லாவற்றையும். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்பால எதுக்குமா நெருப்புன்னு எழுதி வெச்சான்?"

மற்ற நேரமாக இருந்தால் இலவச மென்பொருளின் மகிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். அன்றைக்குக் கீபோர்டு மேலிருந்த மணலை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத பாஸ்கர், விளக்குமாறை எடுத்துவந்து பெருக்க ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெருக்கிய மாப்பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் அப்பாவின் சைக்கிள் பம்பைக் கேட்டு வாங்கி, கீபோர்டுக்குள் காற்றடித்தார்.

"இந்த பட்டன்லாம் கழட்டலாங்களா? உள்ள மண்ணு நெறய கீது."

என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. "கழட்டலாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கழற்றினோம். துடைத்துத் திரும்ப மாட்டுவதை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். காலியான டம்ளர்களை உள்ளே வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஏ, பி, சி, டி என்று அழகாக வரிசையாக மாட்டிவைத்திருக்கிறார்.

"ஏ-க்கு அடுத்து பி தானேங்க?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் ஒரு மனுஷனைக் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

மணலால்கூடப் பெரிய சேதம் இல்லை. ஃபியூஸைப் பிடுங்கியதில் ஹார்ட் டிஸ்க்தான் போயிற்று. வேகாத கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போனால், அது தன் கணக்கு வழக்கையெல்லாம் தானே குழப்பிவிட்டுப் படுத்துவிடும். விண்டோஸ், லினக்ஸ், சென்டருக்காக நான் தயாரித்த பாடங்கள் எல்லாம் ஒரே போக்கில் போய்விட்டன. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் சென்டரிலிருந்து, நடந்ததை விலாவாரியாக ஆங்கிலத்தில் எழுதி, கெர்னல் எழுதுகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மணல், ஃபியூஸ், பஜ்ஜி எதையும் விடவில்லை. என் பேர் சரித்திரத்தில் வரப்போகிறது என்று காத்திருந்தேன். ஒரு புண்ணியவான் ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தார்: 'இதே பிரச்சினையை மறுபடியும் உண்டாக்கிக் காட்ட முடியுமா?'

சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். அடுத்த ஜாதகத்தைத் தேடி எடுத்தும் வைத்துவிட்டாள். ஆனால் அந்த வாரமே முனிரத்தினம் தொழிற்சாலை கேண்டீனில் அப்பாவைத் தேடிவந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். டீயைக் குடிக்காமல் டம்ளரை வெகுநேரம் உருட்டிக்கொண்டே இருந்தாராம்.

"சார், உங்க பொண்ணு பொருள நான் பாழ் பண்ட்டேன். அத்த என்னால திருப்பிக் குடுக்க முடியாது. எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிகீது. பையனும் சரின்னுட்டான். உங்களுக்கு மனசு இருந்தா மேல பேசலாம்."

அதாவது, எனக்கு நஷ்ட ஈடாகப் புருஷன் கிடைத்தார். அப்பா வந்து என் சம்மதம் கேட்டபோது கொஞ்சம் யோசிப்பது போல நடித்தேன். மனதுக்குள் அந்த ஏ, பி, சி, டி கீபோர்டு வந்து நின்றது. தலையாட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் மாமனார் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவார். ஆரம்ப காலத்தில் உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். சில வருஷங்களில் கதையில் பிரின்டரிலிருந்து லேசாகப் புகை வந்தது. என் மகன் பிறந்த சமயத்தில் ஜுவாலை ஒரு முழ உயரம். போன மாதம் ஐயப்பன்தாங்கலில் ஒரு வளைகாப்பில், நான் தாம்பூலம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் அவர் குரல் கேட்டது. ஆவடியில் பற்றியெரிகிற ஒரு வீட்டுக்குள் அவர் தன்னந்தனியாகப் பாய்கிறார். பட்டுப்புடவையில் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்.

"அந்தப் பொண்ணு யார்ன்ற? தோ நிக்குது பாரு, நம்ம ரேணுதான்."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வயதான அம்மா கிட்டே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீக்காயம்லாம் ஆறிடுச்சாமா?" என்றார்.

"ஆறிடுச்சுங்க" என்றேன்.