வெறும் எழுத்து மட்டும்

அந்தச் சனிக்கிழமை காலை, என் மனைவியை எப்படியாவது அழ வைத்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள். பஞ்சு என்கிற நான் பம்பாயில், மாட்டுங்காவில் இருக்கிறேன். ஷ்யாமளா நாக்பூரில் இருக்கிறாள். பேங்கில் பிரமோஷன் கொடுத்து அவளை அங்கே தூக்கிப் போட்டு இரண்டு வருஷம் ஆகப் போகிறது. தினமும் போனில் பேசுகிறோம். பால் வந்ததா, கேஸ் புக் பண்ணியாச்சா, மாவு புளிச்சுடுத்தா என்று சகலமும் பேசுகிறோம். ஒன்றே ஒன்றைத் தவிர.

வியாழக்கிழமை பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கேளா, பம்பாய்க்கே திரும்பிப் போறேளான்னு ஆபீஸ்ல கேக்கறா. திங்கட்கிழமை பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றேள்?"

சொல்ல வேண்டியது ஒரே ஓர் எழுத்து. 'வா'. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் என் வாய் வேறு வேலை பார்த்துவிட்டது.

"உன் இஷ்டம்," என்றேன்.

"சரி," என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவளிடம் நான் பிரியமாகப் பேசியதே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. 'இன்னிக்கு ரசம் பரவாயில்லை' என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாக்பூரிலிருந்து ஒருத்தியை வரவழைக்க முடியாது. வாய் வராவிட்டால் என்ன, கை இருக்கிறது. மனசைக் கொட்டி மெயில் அனுப்பிவிடுவோம். படிப்பாள், அழுவாள், திங்கட்கிழமை 'பம்பாய்' என்று எழுதிக் கொடுப்பாள். இதுதான் என் திட்டம்.

அவள் விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்தேன். மளிகை சாமானிலிருந்து எங்கள் கட்டடத்துச் சொசைட்டி நோட்டீஸ் வரை அவள் எழுதிவைக்கும் பக்கம் அதில் எப்போதும் திறந்தே கிடக்கும். புதுத் தாள் ஒன்று எடுத்தேன். 'இங்கு எல்லாரும் சௌக்கியம்' என்று அடித்தேன். எல்லாரும் என்றால் நான் ஒருத்தன்தான். அழித்தேன்.

வெகு நேரம் யோசித்த பிறகு இப்படி வந்தது:

'சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கியதும், உன் லேடீஸ் கம்பார்ட்மென்ட் வந்து நிற்கிற இடத்துக்கு இன்னும் என் கால் தானாகப் போகிறது. ஒரு வண்டி போகும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.'

படித்துப் பார்த்தேன். இதற்கு யார் அழுவார்கள்? ரயில்வேக்காரன் வேண்டுமானால் அபராதம் போடுவான்.

இன்டர்நெட்டில் தேடினேன். பிரிந்திருக்கும் மனைவிக்கு அனுப்புவதற்கென்றே ஒரு புண்ணியவான் மூட்டை மூட்டையாக எழுதிவைத்திருந்தான். 'என் நெஞ்சத் தடாகத்தில் நீந்தும் வெண்ணிலவே, நீ இல்லாத இரவுகளில் விண்மீன்களும் விசும்புகின்றன.' சரக்கு என்றால் இது சரக்கு. ஐந்தாறு வரியை காப்பி பண்ணி என் வரிகளுக்கு மேலும் கீழும் ஒட்டினேன்.

ஒட்டினேனே தவிர, ஒட்டவில்லை.

என் வரிகள் கறுப்பாக, எறும்பு மாதிரி நடுவில் ஊர்ந்தன. வெண்ணிலா விவகாரம் முழுக்க ரோஸ் கலரில், கல்யாண வாசல் போர்டு சைஸில், பின்னால் சாம்பல் பட்டை அடித்துக்கொண்டு நின்றது. 'இரவுகளில்' என்ற வார்த்தை மட்டும் நீலமாக அடிக்கோடு போட்டிருந்தது. என்னவென்று தொட்டால் ஒரு மெத்தைக் கடை திறந்தது.

கலரை மாற்றினேன். சைஸ் அப்படியே இருந்தது. சைஸைக் குறைத்தேன். என் வரிகள் காணாமலே போய்விடும் போலிருந்தது. பட்டை எதற்கும் அசையவில்லை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் ஒருத்திதான். கடிதமும் அவளுக்குத்தான். வேறு வழி தெரியாமல் அவளுக்கே போன் பண்ணினேன்.

"ஷ்யாமா, ஒரு சந்தேகம். ஓரிடத்துல காப்பி பண்ணி இன்னோரிடத்துல ஒட்டினா, கலரெல்லாம் கூடவே வரதே, அதை என்ன பண்றது?"

"என்ன எழுதறேள்?"

"சொசைட்டி நோட்டீஸ். மாடி டேங்கைக் கழுவப் போறா."



"டேங்க் கழுவற நோட்டீஸ் எதுக்கு ரோஸ் கலர்ல இருக்கு?"

"அதான் எனக்கும் புரியலை."

ரோஸ் என்று நான் சொல்லவேயில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ஒட்டினதை அழிச்சுடுங்கோ. மறுபடியும் காப்பி பண்ணிண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி, மூணையும் சேர்த்து அமுக்குங்கோ. வெறும் எழுத்து மட்டும் வரும். கலர், சைஸெல்லாம் வராது."

"மூணையும் அமுக்கினா போனை எந்தக் கையால பிடிக்கறது?"

"ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கீழ வைங்கோ."

வைத்தேன். அமுக்கினேன். ரோஸ் ஓடிப்போயிற்று. பட்டை போயிற்று. மெத்தைக் கடை போயிற்று. எல்லா வரியும் ஒரே கறுப்பு, ஒரே சைஸ். எது என் சரக்கு, எது புண்ணியவான் சரக்கு என்று எனக்கே தெரியவில்லை.

"ஆயிடுத்து ஷ்யாமா. இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"எதை?"

"எழுத்துப் பிழையை."

"நான் கண்டுபிடிக்கட்டுமா? நடுவுல ஸ்டேஷன் வரதே, அது மட்டும்தான் நீங்க எழுதினது. மத்ததெல்லாம் யாரோ."

நாற்காலியோடு பின்னால் விழப் பார்த்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த லேப்டாப்ல இருக்கறது என் அக்கவுன்ட்தானே. நீங்க அங்க அடிக்க அடிக்க, இங்க என் போன்ல வந்துண்டே இருக்கு. எல்லாரும் சௌக்கியம்னு அடிச்சு அழிச்சேளே, அப்போலேர்ந்து பார்த்துண்டிருக்கேன்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் விடவில்லை.

"வெண்ணிலாவை அழிங்கோ."

அழித்தேன்.

"விண்மீனையும். பாவம், அது எதுக்கு நமக்காக விசும்பணும்?"

ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் வெள்ளைத் தாளில் ஸ்டேஷன் மட்டும் மிஞ்சியது.

"அதை அப்படியே விட்டுடுங்கோ," என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்த மாதிரி இருந்தது. அழுகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"எந்த வண்டி?" என்று கேட்டாள்.

"எது?"

"ஒரு வண்டி போற வரைக்கும் நிக்கறேன்னு எழுதியிருக்கேளே."

"கல்யாண்லேர்ந்து வர ஸ்லோ லோக்கல். நீ வருவியே, அதான்."

"கூட்டம் இருக்குமே."

"இருக்கும். இறங்கறவாளை ஒவ்வொருத்தரா பார்ப்பேன். அப்புறம் பார்க்கறதுக்கு யாரும் இருக்க மாட்டா."

இத்தனை நாள் தொண்டையில் சிக்கிக்கிடந்த அந்த ஓர் எழுத்து, யாரும் அமுக்காமலே வெளியே வந்தது.

"வா, ஷ்யாமா. வந்துடு. திங்கட்கிழமை பம்பாய்னே எழுதிக் குடுத்துடு."

"திங்கட்கிழமை எதுக்கு? போன மாசமே எழுதிக் குடுத்தாச்சு. ஆர்டரும் வந்தாச்சு. பழைய முலுண்ட் பிராஞ்சுலேயே ஜாயின் பண்றேன்."



"அப்போ வியாழக்கிழமை என்னைக் கேட்டது?"

"வரேன்னு சொல்லியிருந்தா," என்றாள் ஷ்யாமளா, "நீங்க எழுதியிருப்பேளா?"