என் கம்ப்யூட்டர்ல திறக்குதே!

உலகத்தில் அறிக்கை அனுப்புகிறவர்கள் உண்டு. அறிக்கை படிக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டமும் சந்தித்துவிடாதபடி நடுவில் நின்று காவல் காக்கும் ஓர் இனமும் உண்டு, வாசகரே. இவர் தயாரிக்கும் அறிக்கை இவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். திறக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் இவருக்குக் கோபம் வராது. பரிதாபம்தான் வரும். அதுவும் உங்கள்மீது.

எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுத் தலைவர் இந்த இனத்தில் முதல் தரம். தரவுத்தளம் அவருடைய ராஜ்யம் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தரவுத்தளபதி.

எந்தப் படுக்கைக்கு என்ன சாப்பாடு என்ற விவரம் இனிமேல் கணினிப் பிரிவிலிருந்தே சமையற்கூடத்துக்குப் போகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வேறொருவராக இருந்தால் ஒரு தாளில் அடித்துக் கீழே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். தளபதி அப்படிச் செய்வாரா? உப்பு கூடாதவர்களுக்குப் பச்சை, சர்க்கரை கூடாதவர்களுக்கு மஞ்சள், திரவ உணவு மட்டும் என்பவர்களுக்கு நீலம் என்று வரிவரியாக வண்ணம் பூசி, தலைப்புக்கு நிழல் கொடுத்து, மூலையில் ஆஸ்பத்திரிச் சின்னத்தைப் பதித்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சின்னத்தை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, அப்புறம்தான் அனுப்பினார்.

சமையற்கூடத்து மேற்பார்வை அம்மாவின் கம்ப்யூட்டர் காய்கறிக் கூடைகளுக்கும் எடை மெஷினுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருப்பது. அவர் உடனே போன் செய்தார்.

“சார், ஃபைல் வந்துச்சு. தொட்டா, எதுல திறக்கணும்னு என்னையே கேக்குது.”

“என் கம்ப்யூட்டர்ல திறக்குதே!”

“இங்க திறக்கலையே சார்.”

“அதுக்கு அந்த சாஃப்ட்வேர் உங்ககிட்ட இருக்கணும்மா.”

“இல்லையே சார்.”

“அதான் திறக்கலை” என்றார் தளபதி, நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டரின் திருப்தியோடு.

“அடுப்புல எல்லாம் கொதிச்சுக்கிட்டிருக்கு சார். யாருக்கு உப்பு, யாருக்கு உப்பில்ல, அது தெரிஞ்சா போதும் எனக்கு.”

தளபதி பெருமூச்சு விட்டார். பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிக்கிற மனசோடு அந்த அறிக்கையை வெறும் எழுத்தாக மாற்றி அனுப்பினார். நிறம் போயிற்று, நிழல் போயிற்று, கட்டங்கள் போயின. அதோடு விட்டதா? காலியாயிருந்த ஒரு படுக்கையின் வெற்றுக் கட்டமும் சுவடில்லாமல் மறைந்துபோக, அதற்குக் கீழே இருந்த சாப்பாடெல்லாம் ஆளுக்கு ஒரு படுக்கை மேலே ஏறிக்கொண்டது. தளபதி அதைத் திறந்து பார்க்கவில்லை. அழகில்லாததை அவர் பார்ப்பதில்லை.

மத்தியானம் வார்டில், மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பெரியவருக்கு, அடி தெரிகிற மாதிரி ஒரு கிண்ணம் சூப் வந்தது. பக்கத்துப் படுக்கையில், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து சொட்டுச் சொட்டாகக் குடிக்க மட்டுமே அனுமதி பெற்றிருந்த தையல்காரருக்கு முழுச் சாப்பாடு வந்தது. அவர் டாக்டரை மனசார வாழ்த்திவிட்டு ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் நர்ஸ் பாய்ந்து கையைப் பிடித்தார். நர்ஸ் ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

கால் ஒடிந்த பெரியவர் யார் என்று கேட்கிறீர்களா? தளபதியின் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் தேவைப்படாத குரல். அலறியடித்து ஓடிவந்த மருமகனைப் பார்த்து அவர் கேட்டது மூன்று மாடிக்கும் கேட்டது.

“மாப்ள, ஒடஞ்சது காலா, பல்லா?”

தளபதிக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்தது. தையல்காரரின் கட்டிலருகே போய்க் கைகூப்பினார். “பரவால்ல சார், வாசனையாவது பிடிச்சேன்” என்றார் தையல்காரர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றுதான் தளபதி முதல்முறையாகச் சமையற்கூடத்துக்குள் கால் வைத்தார். கூடைகளை நகர்த்தி உட்கார்ந்து, தன் அசல் அறிக்கையைத் தானே தட்டினார். எதில் திறக்கவேண்டும் என்று மெஷின் அவரையும் கேட்டது. மறுபடி தட்டினார். மறுபடி கேட்டது.

“என் கம்ப்யூட்டர்ல திறக்குதே…” என்று முனகினார்.

“அப்ப நோயாளிங்களையும் உங்க கம்ப்யூட்டர்லயே படுக்க வச்சிடுங்க சார்” என்றார் அந்த அம்மா.

மேலே போன தளபதி, தன் சாஃப்ட்வேரிலேயே இத்தனை காலம் சீண்டாமல் விட்டிருந்த பிடிஎஃப் பொத்தானை அழுத்தினார். கீழே அறிக்கை வண்ணத்தோடு திறந்தது. சாயங்காலம் பெரியவர் வயிறாரச் சாப்பிட்டார்; தையல்காரர் சூப் குடித்தார். தளபதி திருந்திவிட்டார் என்று நாங்களும் நம்பினோம்.

அடுத்த வாரம் மறுபடி போன்.

“சார், பாஸ்வேர்டு கேக்குது.”

“பாதுகாப்புக்குப் பூட்டியிருக்கேம்மா. பாஸ்வேர்டு தனி ஃபைல்ல அனுப்பியிருக்கேனே!”

“அது திறக்கலையே சார்.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் கடைசியாக ஒருவருக்கு அனுப்பிய கோப்புக்கு, “பார்த்தேன், ரொம்ப அருமை” என்று உடனே பதில் வந்ததல்லவா? கொஞ்சம் யோசியுங்கள். திறந்து பார்த்தவராக இருந்தால், ஒரு தப்பாவது சொல்லியிருக்கமாட்டாரா?