தூங்கும் குழந்தை ஸ்விங்

"நீங்க சொன்ன மாதிரியே தலையைக் குனிஞ்சு பந்தையே பார்த்தேன்மா. இப்ப தலை நிமிர மாட்டேங்குது."

போனில் பேசியவரின் குரல் தரையிலிருந்து வருவது போல் கேட்டது. குனிந்தபடியேதான் பேசுகிறார் போலும்.

"மன்னிக்கணும் சார்," என்றாள் அவள்.

இந்த ஒரு சொல்லால்தான் அலுவலகத்தில் அவளுக்கு ‘மன்னிக்கணும்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மன்னிக்கணும், டீ ஆறிடப் போகுது", "மன்னிக்கணும், ஃபேனைக் கொஞ்சம் குறை" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிற கூரியர்காரர்கள், இவ்வளவு பண்பான அலுவலகமா என்று வியந்து போவார்கள்.

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கோல்ஃப் மட்டையை எப்படிச் சுழற்றி அடிப்பது, அதாவது ‘ஸ்விங்’ செய்வது என்று சொல்லித்தரும் வீடியோக்களை எடுத்து இணையத்தில் விற்பதுதான் தொழில். பெரிய அறையில் பச்சைக் கம்பளம் விரித்து, சன்னல் உடையாமலிருக்க வலை கட்டி, அங்கே படப்பிடிப்பு. சின்ன அறையில் முதலாளி. இரண்டுக்கும் நடுவில், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மேசை, ஒரு போன், இவள். புகார் பிரிவு என்பது அவ்வளவுதான்.

முதலாளி அதற்கு முன்பு தொப்பை குறைக்கும் பெல்ட் விற்றவர். ‘ஒரே மாதத்தில் உங்கள் ஸ்விங் மாறும், மாறாவிட்டால் பணம் வாபஸ்’ என்று விளம்பரம் எழுதியவர் அவர்தான். யாராவது வாபஸ் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருபவரும் அவர்தான். அன்று காலையில்தான் அவளை அழைத்துச் சொல்லியிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு வாபஸ் போச்சுன்னா அந்த நாற்காலியை வித்துடுவேன். நீ அதுல உட்கார்ந்திருக்கியான்னுகூடப் பார்க்க மாட்டேன்."

ஆகவே அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு படப்பிடிப்பு அறைக்கு ஓடினாள். வீடியோக்களில் தோன்றிப் பாடம் நடத்துகிற மாஸ்டர் அங்கே கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு கஸ்டமருக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. பந்தையே பார்க்கச் சொன்னீங்களாம்."

"பார்க்கத்தான் வேணும். கழுத்து வலிக்கத்தான் செய்யும். கலைன்னா அப்படித்தான்."

"என்ன சொல்லட்டும்?"

"நான் கலைஞன். கஸ்டமர் கேர் இல்ல."

கதவு சாத்தப்பட்டது.

அவள் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே ஒரு தடவைதான். அதுவும் பல்லியை விரட்ட. பல்லி தப்பித்துவிட்டது. ஆனாலும் நாற்காலியை நினைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சார், முதல்ல சுவர்ல சாஞ்சுக்குங்க. தோளை அப்படியே தொங்கப் போடுங்க. மெதுவா நிமிருங்க."

கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. பிறகு, "அட! நிமிர்ந்துடுச்சும்மா!" என்றார்.

"அவ்வளவுதான் சார். இனிமே இவ்வளவு விறைப்பா ஆடாதீங்க."

"சரிம்மா. ஆனா எப்படி ஆடினாலும் பந்து குழிக்குள்ள போகாம தண்ணிக்குள்ளதானே போகுது? ஆட்டத்துக்கு நடுவுல உங்க விளம்பரம் வந்துச்சு, ஆசையா எல்லா வீடியோவையும் வாங்கிட்டேன். ஒண்ணும் மாறலையே. பணத்தை வாபஸ்..."

"இருங்க சார், இருங்க!" என்று அலறினாள். ஏதாவது சொல்ல வேண்டும். காலையில் வீட்டுச் சாவிக் கொத்தைப் பிடித்தபடியே தூங்கிப்போன மகளின் கையிலிருந்து அதை உருவ அவள் பட்ட பாடுதான் நினைவுக்கு வந்தது. "தூங்கற குழந்தை கையிலேர்ந்து ஒரு பொருளை எடுக்கறதா நினைச்சுக்குங்க. மெதுவா, மெதுவா, பின்னாடி இழுக்கணும். அவசரமே கூடாது. குழந்தை கண்ணைத் திறக்கப் போகுதுன்னதும் சட்டுன்னு விட்டுடணும்."

மறுமுனையில் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப இத்தனை நாளும் நான் குழந்தையை எழுப்பிட்டே இருந்திருக்கேன்!" என்றார் அவர்.

மறுநாள் அவள் பையைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது.

"ஒரே அடிம்மா! பந்து நேரா குழிக்குள்ள போய் விழுந்துடுச்சு!"

"மன்னிக்கணும் சார்."

"எதுக்கு? விழணும்னுதானேம்மா ஆடறோம்?"

இதை மாஸ்டரிடம் சொன்னபோது, அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

"ஒரே அடியிலயா? என் ஆயுசுல எனக்கே ஒரு தடவைகூட..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "குருட்டு அதிர்ஷ்டம்."

அடுத்த நாள் கழுத்துக்காரருக்கு அதே குருட்டு அதிர்ஷ்டம் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அடித்தது. விஷயம் முதலாளியின் காதுக்குப் போயிற்று. அவர் வந்து மேசை மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"சார், நீங்க எங்க ஆடறீங்க?"

"ஒரே இடம்னு இல்ல சார். நேத்து மலை மேல. இன்னிக்குக் கடலோரம். நாளைக்குப் பனி பெய்யற இடமா பார்த்துப் போகலாம்னு இருக்கேன்."

முதலாளி போனைப் பொத்தினார். "கோடீஸ்வரன்! கண்டிப்பா சொந்த விமானம் இருக்கு!" பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "வீட்ல எல்லாரும் உங்க ஆட்டத்தை ரசிக்கறாங்களா சார்?" என்றார்.

"எங்க? என் வீட்டுக்காரி திட்டிட்டே இருக்கா. பல்லுகூட விளக்காம ஆட ஆரம்பிச்சுடறேனாம்."

"பெரிய மனுஷங்களுக்குப் பல் விளக்க ஏது நேரம்?" என்று முதலாளி அவளிடம் கிசுகிசுத்தார். அவர் கண்களில் பழைய பெல்ட் வியாபாரத்தின் ஒளி தெரிந்தது. "மன்னிக்கணும், எழுந்திரு. உன்னை வெச்சுதான் அடுத்த வீடியோ."

"ஐயோ சார், எனக்கு ஆடவே தெரியாது!"

"ஆடத் தெரியணும்னு யார் சொன்னா? சொல்லத் தெரிஞ்சா போதும். பெல்ட் விக்கும்போது எனக்கு எவ்வளவு தொப்பை இருந்துச்சு தெரியுமா?"

‘தூங்கும் குழந்தை ஸ்விங்’ அன்றே படமாக்கப்பட்டது. அவள் நின்று பேசினாள். மாஸ்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"நான் கலைஞன்," என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கலைஞரே, குழந்தையோட தலையைப் பிடிங்க, தொங்குது," என்றார் முதலாளி.

வீட்டில் அவள் கணவர் வீடியோவைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ கோல்ஃப் சொல்லித்தர்றதும் நான் பிரசவம் பார்க்கறதும் ஒண்ணுதான்!" என்றார். சிரித்து முடித்ததும் அதைத் தன் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தார்.

வீடியோ பிய்த்துக்கொண்டு விற்றது. அவள் மேசை கழிப்பறை வழியிலிருந்து சன்னலோரத்துக்கு வந்தது. சன்னல் வழியாகத் தெரிந்தது டயர்க் குவியல்தான் என்றாலும், அவளுக்கு அது மலைத்தொடர் போல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் போனை எடுத்து, "சொல்லுங்க சார்!" என்று கம்பீரமாக ஆரம்பிக்கப் பழகினாள்.

அந்தக் கம்பீரம் ஒரு வாரம் தாங்கியது.

"அம்மா, நீங்க சொன்ன மாதிரியே மெதுவா பின்னாடி இழுத்தேன்," என்றார் ஒருவர். "சட்டுன்னு விட்டேன்."

"ரொம்ப சரி சார்!"

"மட்டை குளத்துக்குள்ள போயிடுச்சு."

"பந்து?"

"பந்துக்கு என்ன? வெச்ச இடத்துலயே சௌக்கியமா இருக்கு."

அதன் பிறகு போன் ஓயவில்லை. ஒருவர் விட்ட மட்டை மரத்தில் தொங்கியது. அதைத் தட்டி எடுக்க விட்ட இன்னொரு மட்டையும் அதன் பக்கத்திலேயே தொங்கியது. ஒருவருடையது மைதானத் தலைவரின் காருக்குள், கண்ணாடி வழியாகப் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: வாபஸ்.

"மன்னிக்கணும் சார், விடக்கூடாது. விடாதீங்க! இறுக்கிப் பிடிங்க!" என்று அவள் அத்தனை பேருக்கும் திருத்தம் சொன்னாள்.

விடாமல் பிடித்தவர்களில் ஒருவர் மட்டையோடு சேர்ந்து பம்பரமாகச் சுற்றி மணல் குழியில் விழுந்தார். குழியிலிருந்தபடியே போன் செய்தார்.

"இதுக்கெல்லாம் வாபஸ் எதுக்கு? வேற ஒண்ணு வித்தா போச்சு," என்றார் முதலாளி. மட்டையின் பிடியில் தடவிக்கொள்ள ஒரு பசையைத் தருவித்து, ‘குழந்தை கைவிடாது’ என்று பெயர் ஒட்டி, ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கே விற்றார்.

குழந்தை சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வங்கி மேலாளரின் கையிலிருந்து மட்டை வரவேயில்லை. அவர் அதோடு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. கவுன்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் வரிசையில் நின்றார்களாம். இருந்தாலும் அவர் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட வராததால் கொஞ்சம் தாமதமாகிக்கொண்டிருந்தது.

முதலாளி இப்போது நிரந்தரமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கையை எடுத்தார்.

"கழுத்துக்காரர்! அவருக்கு மட்டும் பலிச்சுதே! அவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் ஆட வெச்சுட்டா? தப்பு வீடியோவுல இல்ல, ஆடறவன்கிட்டன்னு ஆயிடும்ல?"

"அவர் வரமாட்டேன்னுட்டா சார்?"

"அப்ப நாற்காலி மட்டுமில்ல, மேசையும் போகும். சேர்ந்து நானும் போயிடுவேன்."

அவள் போன் செய்தாள். அவருக்கோ ஒரே சந்தோஷம்.

"கூட்டமா வந்து பார்க்கப் போறாங்களா? என் ஆட்டத்தையா? கண்டிப்பா வர்றேம்மா!"

"மட்டை ஏதாவது நாங்க ஏற்பாடு பண்ணணுமா சார்?"

"வேண்டாம்மா, உள்ளேயே நிறைய இருக்கு. நேத்துதான் தங்கத்துல ஒண்ணு கிடைச்சுது."

"தங்கத்துல!" என்று முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

குறித்த நாளில் கோல்ஃப் மைதானத்துப் புல்வெளியில் ஏமாந்த வாடிக்கையாளர்கள் அணிவகுத்து நின்றார்கள். முன்வரிசையில் இடுப்பில் பட்டை கட்டியவர், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியவர், மட்டையோடு வங்கி மேலாளர். முதலாளி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்காரரோ டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். குள்ளமான மனிதர். காலில் ரப்பர் செருப்பு. மனைவி பின்னால் மெதுவாக வருவதாகச் சொல்லிவிட்டு, ஆவலில் முன்னால் ஓடிவந்திருந்தார்.

"எளிமையைப் பாரு," என்றார் முதலாளி, கொஞ்சம் ஈனக் குரலில்.

பிளாஸ்திரிக்காரர் அவளைப் பார்த்து விரலை நீட்டினார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க வாழ்க்கையில ஒரு தடவையாவது கோல்ஃப் ஆடியிருக்கீங்களா?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. ‘ஆமாம்’ என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் பொய் சொல்லச் சொல்லத்தான் மட்டைகள் பறந்தன என்று தோன்றியது.

"இல்லை சார். என் குழந்தையைத் தூங்க வெச்சிருக்கேன், அவ்வளவுதான். ஆனா இந்த சார் என் பேச்சைக் கேட்டு ஆடினார், ஜெயிச்சார். இவர் இப்ப ஆடி, அப்பவும் பந்து குழிக்குள்ள போகலேன்னா, நானே ஒவ்வொருத்தர் பணத்தையும் வாபஸ் வாங்கித் தர்றேன்."

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றி, தன் சொந்த மட்டையை இரண்டு கைகளாலும் ஏந்தி, கழுத்துக்காரரிடம் நீட்டினார். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தரையில் ஊன்றி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"அந்தப் பிடியைப் பாருங்க," என்று மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்தப் பாடத்துலயும் இல்லாத பிடி!"

கழுத்துக்காரர் எல்லையில்லாமல் விரிந்து கிடந்த புல்வெளியை வாய் பிளந்து பார்த்தார். "அடேயப்பா! எவ்வளவு பெரிசு!" என்றார். கூட்டம் அந்த அடக்கத்தை மெச்சியது. "சரி, ஆரம்பிச்சுடலாமா?" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவினார். பிறகு பேன்ட் பையை. பிறகு மறுபடியும் சட்டைப் பையை. மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

அப்போது வாசல் பக்கமிருந்து அவர் மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏங்க, யாரோ கொடுத்த கம்பை வெச்சுக்கிட்டு என்ன நிக்கறீங்க? இந்தாங்க, போனை என் பையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க. இதுல விரலை வெச்சு இழுக்காம எப்படிங்க கோல்ஃப் ஆடுவீங்க?"